காடும் மழையும் கரியும்: ஒரு நெடிய வழக்கின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் அதிபராகப் பணிபுரியும் பாடசாலையின் மதிற்சுவரிலே ஒரு வாசகம் எழுதுவித்தேன். மரம் வளர்த்தால் மழை வரும் என்பதே அதன் கருத்து. வெள்ளைச் சுண்ணாம்பின்மேல் பச்சை மையினால் எழுதப்பெற்ற அவ்வாசகம் பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஒரு நாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, இதற்குச் சான்று என்ன?" என்று கேட்டாள். அவள் குறும்புக்காகக் கேட்கவில்லை. வரலாற்றுப் பாடத்தில், எதையும் சான்றின்றி ஏற்கலாகாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நானே. அன்று என்னால் விடை கூற இயலவில்லை. விஞ்ஞானம் பயின்றவனல்லன், கலைப் பட்டதாரி. ஆயினும் கேள்வி வரலாற்றுக் கேள்வியாக இருந்தமையால், விடையையும் வரலாற்றிலேயே தேடப் புகுந்தேன். அத்தேடலிற் கண்டவற்றுள் சிலவற்றை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

மனிதன் தன் செயலால் வானிலையை மாற்றிவிட முடியுமா? இவ்வினா நம் காலத்தில் எழுந்ததென்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இது மிகப் பழைய வினா. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ், சதுப்பு நிலங்களை வடித்ததாலும் காடுகளை அழித்ததாலும் சில இடங்களிற் குளிரும் வெப்பமும் மாறின என்று, இற்றைக்கு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்தார். 1800ஆம் ஆண்டில், அலெக்சாண்டர் ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் தென்னமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டிலே வலென்சியா ஏரியின் நீர் வற்றி வருவதைக் கண்டார். சுற்றியிருந்த காடுகளை மக்கள் வெட்டியதே அதற்குக் காரணம் என்று அவர் கூறினார். காடழிந்தால் மழை குன்றும் என்னும் கொள்கை அன்று தொடங்கி உலகெங்கும் பரவியது.

அக்கொள்கை நம் பக்கத்து நாட்டிற்கும் வந்து சேர்ந்தது. சென்னையில் மருத்துவராகப் பணியாற்றிய எட்வர்ட் பல்ஃபர் என்பவர், மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு பற்றித் தாம் திரட்டிய குறிப்புகளை 1849ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவரே பின்னர் சென்னை அருங்காட்சியகத்தை முதன்முதல் நிருவகித்தவர். வரட்சியும் பஞ்சமும் தமிழ்நாட்டை மீண்டும் மீண்டும் வாட்டிய காலம் அது. பஞ்சத்தைக் கண்ணாற் கண்ட மருத்துவர்கள், அதற்குக் காரணம் காடழிவாக இருக்கலாம் என்று ஐயுற்றதில் வியப்பில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களும் இவ்விடயம் பற்றி விசாரித்தறியுமாறு தம் அதிகாரிகளுக்குப் பணித்தனர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1830களின் பின்னர் இலங்கையின் மத்திய மலைநாட்டில் நிகழ்ந்த மாற்றம் நம் வரலாற்றில் முன்னெப்போதும் நிகழாதது. கோப்பிச் செய்கைக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளரின் உழைப்பில் அம்மலைச் சரிவுகள் தோட்டங்களாயின. அவ்வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1870களில் கோப்பி பயிரிடப்பட்ட நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்டிருந்தது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் மலைமுகமே மாறிப்போயிற்று.

மழை பெய்தபோது மண் கரைந்து ஆறுகள் கலங்கின, ஊற்றுகள் வற்றின. மலையுச்சிக் காடுகளும் அழிந்துவிட்டால் நாட்டின் மழையும் நீரும் என்னாகும் என்ற அச்சம் அறிஞர்களிடையே எழுந்தது. இலண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநராயிருந்த ஜோசப் ஹூக்கர், 1873ஆம் ஆண்டில், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள காடுகளை அழிக்க விடலாகாது என்று குடியேற்ற நாட்டு மந்திரிக்குப் பரிந்துரை செய்தார். அப்பொழுது இலங்கையில் தேசாதிபதியாயிருந்தவர் சேர் வில்லியம் கிரெகரி. அப்பரிந்துரை ஏற்கப்பட்டது. 1882ஆம் ஆண்டில் வின்சென்ட் என்னும் வன அதிகாரி இலங்கைக் காடுகளின் நிலை பற்றி அறிக்கை சமர்ப்பித்தார். 1885ஆம் ஆண்டில் வனக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது.

இங்கே ஒரு கணம் நின்று சிந்திப்போம். ஐயாயிரம் அடி என்ற அந்தக் கோட்டை வரைந்தவர்களிடம் அன்று இருந்த சான்று யாது? மலைநாட்டு மழையைப் பல்லாண்டுகளாக அளந்த ஏடுகள் அவர்களிடம் இருந்தனவா? மிகச் சிலவே இருந்தன. அவர்கள் கையிலிருந்தவை பயணிகளின் குறிப்புகள், தோட்டக்காரர்களின் நினைவுகள், ஏனைய நாடுகளின் உவமைகள் ஆகியனவே. நாம் வரலாறு எழுதும்போது கர்ணபரம்பரைக் கதைக்கும் கல்வெட்டுக்கும் வேறுபாடு காண்கின்றோம் அல்லவா? கதை பொய்யென்பதன்று, ஆயினும் கல்வெட்டின் உறுதி அதற்கில்லை. வானிலைக்குக் கல்வெட்டு எது? நாள்தோறும் தவறாது அளந்து எழுதப்படும் மழைமானிக் கணக்கும் வெப்பமானிக் கணக்குமே.

அத்தகைய கணக்குகள் பெருகியபோது வழக்கின் போக்கு மாறியது. இந்திய அரசாங்கத்தின் வானிலை அதிகாரியாக 1875ஆம் ஆண்டில் நியமனம் பெற்ற ஹென்றி பிளான்ஃபர்ட், மத்திய மாகாணங்களிலே காடுகள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் மழை மிகுந்ததா என்று ஆராய்ந்தார். சற்று மிகுந்ததாகவே கணக்குகள் காட்டின. ஆயினும் அதை முடிந்த முடிபாகக் கொள்ள அவர் துணியவில்லை. அவருக்குப் பின்வந்த கில்பர்ட் வாக்கர் கணித மேதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட இந்தியாவிற் கொடிய பஞ்சங்கள் நேர்ந்தபோது, மனிதர் காடழித்ததாலேயே மழை பொய்த்தது என்று பலரும் பேசினர். வாக்கர் நீண்ட காலக் கணக்குகளைத் திரட்டிச் சோதித்து, 1910ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். இந்தியாவின் காலநிலை நிலையாக மாறிவிட்டது என்பதற்குக் கணக்குகளிற் சான்றில்லை என்பதே அம்முடிவு. மழை கூடுவதும் குறைவதும் இயற்கையின் ஊசலாட்டம். அவ்வூசலாட்டம் பசிபிக் சமுத்திரம் வரை நீள்வது என்பதைப் பின்னர் அவரே காட்டினார்.

ஆகவே, மனிதன் காலநிலையை மாற்றினான் என்ற முதலாவது வழக்கு, கணக்குகளின் மன்றத்திலே தோற்றுப்போயிற்று என்று சொல்லலாம். என் சுவர் வாசகத்திற்கும் அதே கதிதான். ஒரு மலைச் சரிவில் மரம் நட்டால் அச்சரிவில் மழை கூடும் என்று அறுதியிட்டுச் சொல்ல இன்றும் இயலாது. அமேசான் போன்ற பெருங்காடுகள் நீராவியை வானுக்குத் திருப்பியனுப்பி மழையைப் பேணுகின்றன என்பது உண்மை. ஆயின் நாற்புறமும் கடல் சூழ்ந்து, பருவக்காற்றால் மழைபெறும் நம் சிறு தீவிலே காட்டின் பங்கு எவ்வளவு என்பது எளிதில் அளக்கத்தக்கதன்று.

எனினும் அந்த ஐயாயிரம் அடிக் கோடு வீணாயிற்றா? இல்லை. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடுகளும் எஞ்சி நிற்பதற்கு அக்கோடு பெருங்காரணம். களனி கங்கையும், வளவை கங்கையும், மகாவலியின் கிளைகளும் அம்மேட்டு நிலங்களிலே தோன்றுகின்றன. மலையுச்சிக் காடுகள் மூடுபனியிலிருந்து நீரைப் பிடித்துக்கொள்கின்றன, பெய்த மழையை மண்ணிலே தேக்கி மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடுகின்றன, மண்ணரிப்பைத் தடுக்கின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் ஒருவர் காலையிற் குழாயைத் திறக்கும்போது வருகின்ற நீரிலே பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுக்கப்படுவது. ஆகவே 1873இல் கூறப்பட்ட காரணம் முழுமையாக நிறுவப்படாததாயினும், செய்த செயல் நன்றே. 2010ஆம் ஆண்டில் நம் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இனி இரண்டாவது வழக்கிற்கு வருவோம். இவ்வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்டது கோடரி அன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எழும் கரிவாயு. நம் பாடநூல்கள் இதனைக் காபனீரொட்சைட்டு என்று கூறும்.

1856ஆம் ஆண்டில் யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணியும், 1859ஆம் ஆண்டில் ஜோன் டின்டல் என்னும் அறிஞரும், இவ்வாயு வெப்பத்தைத் தடுத்து வைத்துக்கொள்வதைத் தனித்தனியே பரிசோதனையிற் கண்டனர். நுவரெலியாக் குளிரிலே கம்பளி நம் உடல் வெப்பத்தை வெளியே விடாமற் காப்பதுபோல, வளிமண்டலத்திலுள்ள நீராவியும் கரிவாயுவும் பூமியின் வெப்பத்தைக் காக்கின்றன. 1896ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அர்ரேனியஸ், இவ்வாயு இருமடங்கானால் உலகின் வெப்பம் ஐந்தாறு பாகை செல்சியஸ் உயரும் என்று கணக்கிட்டார். அவர் கையாலேயே போட்ட கணக்கு அது. அதன் அளவு மிகையென்று பின்னர் தெரிந்ததாயினும் அதன் திசை சரியே.

ஆயினும் அக்கருத்து உடனே ஏற்கப்படவில்லை. எதிர்வாதம் வலிமையாக இருந்தது. இவ்வாயு தடுக்கக்கூடிய வெப்பத்தை நீராவியே ஏற்கெனவே தடுத்துவிடுகிறது. மேலும் கொஞ்சம் சேர்ந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்டனர். பெரும்பகுதிக் கரிவாயுவைக் கடல் உறிஞ்சிவிடும் என்றும் கூறினர். 1938ஆம் ஆண்டில் கை காலண்டர் என்னும் ஆங்கிலேய நீராவி எந்திரவியலாளர், உலகின் பல நிலையங்களிலிருந்து வெப்பக் கணக்குகளைத் திரட்டி, உலகம் வெப்பமடைந்து வருகிறது, அதற்குக் கரிவாயு ஒரு காரணம் என்று இலண்டன் வானிலையியற் சங்கத்திலே வாதாடினார். கேட்டிருந்த அறிஞர்கள் நம்பவில்லை. அவர்களுள் ஒருவரான சேர் ஜோர்ஜ் சிம்சன், வாக்கரின் கீழ் இந்திய வானிலைத் திணைக்களத்திற் பணியாற்றியவர். காடும் மழையும் பற்றிய பழைய வழக்கின் தோல்வியைக் கண்டிருந்த பரம்பரை, புதிய வழக்கை ஐயத்துடன் நோக்கியது இயல்பே.

அவ்வையம் குற்றமன்று. ஐயமே சான்றைத் தேடச் செய்கிறது. 1950களில் விடைகள் வரத் தொடங்கின. நீராவி மிகக் குறைந்த உயர்ந்த வளிமண்டலத்திலே கரிவாயுவின் செயல் வலிமையுடையது என்று கில்பர்ட் பிளாஸ் காட்டினார். 1955ஆம் ஆண்டில் ஹான்ஸ் சூஸ், மரங்களின் வளையங்களை ஆராய்ந்தார். மிகப் பழைய நிலக்கரியிலே கதிரியக்கக் கரி இல்லை. அது அழிந்து பல யுகங்களாயின. வளிமண்டலத்தில் அத்தகைய பழங்கரி கலந்து வருவதை அம்மரங்கள் காட்டின. ஆகவே கூடிவரும் கரியிலே ஒரு பங்கேனும் மனிதர் எரித்த எரிபொருளிலிருந்து வந்தது என்பதற்கு, நாணயத்தின்மேற் பொறித்த முத்திரைபோல ஓர் அடையாளம் கிடைத்தது. 1958ஆம் ஆண்டில் சார்ள்ஸ் கீலிங், ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையிலே இவ்வாயுவை இடைவிடாது அளக்கத் தொடங்கினார். பத்து இலட்சம் பங்கு காற்றில் அப்பொழுது இருந்தது ஏறத்தாழ 315 பங்கு. 2024ஆம் ஆண்டில் அது 420ஐத் தாண்டியிருந்தது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் இருந்ததோ 280 பங்கே.

இவ்வழக்கிலே தமிழர் ஒருவரின் பங்கும் உண்டு என்பதை நேயர்களுக்குச் சொல்லாமல் இருக்க இயலாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் பயின்ற வீரபத்திரன் ராமநாதன், 1975ஆம் ஆண்டில், குளிரூட்டும் பெட்டிகளில் அக்காலத்திற் பயன்பட்ட வாயுக்களும் உலகை வெப்பமூட்டும் என்று கண்டறிந்தார். 1980ஆம் ஆண்டில் அவரும் மேடன் என்பவரும், இயற்கையின் ஊசலாட்டத்தையும் கடந்து மனிதரால் வந்த வெப்பம் 2000ஆம் ஆண்டளவிற் புலப்படும் என்று முன்கூட்டியே எழுதினர். 1999ஆம் ஆண்டில் மாலைதீவைத் தளமாகக் கொண்டு அவரும் பிறரும் நடத்திய ஆய்வு, நம் இந்து சமுத்திரத்தின்மேல் புகையும் தூசியும் கலந்த பழுப்புப் படலம் பரந்திருப்பதைக் காட்டியது. அப்படலம் கடற்பரப்பிற்கு வரும் சூரிய ஒளியைக் குறைத்து, வெப்பத்தின் ஒரு பகுதியை மறைக்கவும் செய்கிறது. மனிதனின் செயல் ஒரு கையால் வெப்பமூட்டி, மறு கையால் அதனை மூடி வைக்கிறது.

எதிர்வாதங்களையும் நேர்மையாக நோக்க வேண்டும். நகரங்கள் வளர்ந்ததால் வெப்பமானிகள் பொய் சொல்கின்றன என்றனர். இது அற்பமான வாதமன்று. கொழும்பு புல்லர்ஸ் வீதியில் 1907ஆம் ஆண்டில் வானிலை அவதானிப்பு நிலையம் நிறுவப்பட்டபோது இருந்த சூழல் வேறு. இன்று அதனைச் சூழ்ந்துள்ள கட்டடங்களும் தார்ச்சாலைகளும் வேறு. ஆனால் நகரமே இல்லாத நடுச்சமுத்திரத்திலும் வெப்பம் உயர்ந்துள்ளது. சூரியனே காரணம் என்றனர் வேறு சிலர். செயற்கைக்கோள்கள் சூரியனை 1970களின் இறுதியிலிருந்து அளந்து வருகின்றன. அதன் ஒளி கூடிவரவில்லை. மேலும், சூரியனால் வெப்பம் கூடினால் வளிமண்டலம் அடி முதல் முடி வரை வெப்பமடைய வேண்டும். கரிவாயுவாற் கூடினால் கீழே வெப்பமும் மேலே குளிர்ச்சியும் காண வேண்டும் என்று மனாபே முதலியோர் 1967ஆம் ஆண்டிலேயே கணித்திருந்தனர். அவ்வாறே கீழே வெப்பமும் மேலே குளிர்ச்சியும் காணப்பட்டன. குற்றவாளியின் கைரேகைக்கு ஒப்பான சான்று இது. மனாபேக்கு 2021ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

தீர்ப்பு ஒரே நாளில் எழுதப்படவில்லை. 1988ஆம் ஆண்டில் உலக நாடுகள் அமைத்த அறிஞர் குழு, 1990இல் வெளியிட்ட முதல் அறிக்கையில், மனிதரின் கையை உறுதியாகக் காண இன்னும் பத்தாண்டேனும் செல்லும் என்றது. 1995இல், சான்றுகளை நிறுத்துப் பார்த்தால் மனிதரின் செல்வாக்குத் தென்படுகிறது என்றது. 2001இலும் 2007இலும் 2013இலும் உறுதி படிப்படியாக ஏறியது. 2021இல், மனிதரே உலகை வெப்பமூட்டினர் என்பதில் ஐயமில்லை என்று தீர்த்துரைத்தது. 2007ஆம் ஆண்டில் அக்குழு சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, அதன் உபதலைவர்களுள் ஒருவர் நம் நாட்டவரான பேராசிரியர் மொகான் முனசிங்க.

முதல் வழக்கிற்கும் இரண்டாவது வழக்கிற்கும் உள்ள வேறுபாடு இப்பொழுது விளங்கும். முதல் வழக்கிலே நம்பிக்கை முன்னே வந்தது. கணக்கு பின்னே வந்து அதனைச் சிதைத்தது. இரண்டாவதிலே ஐயம் முன்னே நின்றது. கணக்கு ஒவ்வொன்றாக வந்து ஐயத்தைத் தீர்த்தது. சோதனை ஒன்றே, முடிவுதான் வேறு. வாக்கரின் அதே கண்டிப்பான அளவுகோலுக்குத் தப்பி நின்றமையாலேயே இரண்டாவது முடிவை நாம் நம்புகின்றோம்.

இதனால் எல்லாம் தெளிந்துவிட்டது என்று கூறவில்லை. ஒரு வெள்ளத்தைச் சுட்டி, இது மனிதனால் வந்தது என்று உடனே சொல்வது தவறு. 2010ஆம் ஆண்டு நவம்பரில் ஒரே இரவிற் பெய்த மழையாற் கொழும்பு நீரில் மூழ்கியபோது, இதுபோல் முன்னர் கண்டதில்லை என்று பலரும் கூறினர். 1992ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அதனினும் பெரிய மழை கொழும்பிற் பெய்ததை அவர்கள் மறந்துவிட்டனர். நினைவு இப்படித்தான் ஏமாற்றும். ஆனால் உலக வெப்பம் கைத்தொழிற் புரட்சிக்கு முன்னிருந்ததைவிட ஒரு பாகைக்கு மேல் உயர்ந்ததும், 1901இற்கும் 2018இற்கும் இடையில் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்ததும், 1998ஆம் ஆண்டில் கடல் வெப்பத்தால் நம் ஹிக்கடுவைப் பவளப்பாறைகள் வெளிறி மடிந்ததும் நினைவுகள் அல்ல. அளந்தும் நேரிற் கண்டும் பதிந்த செய்திகள். வெள்ளவத்தையிலே கடலையொட்டிச் செல்லும் புகையிரதப் பாதையில் மாலையில் நிற்பவருக்கு, கடலுக்கும் நமக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு சிறியது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வரட்சிக் காலத்திற் களனியின் நீரோட்டம் குன்றும்போது கடலின் உப்புநீர் ஆற்றில் ஏறி, நம் குடிநீருக்கே இடையூறாகின்றது. கடல் உயர உயர அவ்விடையூறு பெருகும்.

உலகம் வெளிவிடும் கரிவாயுவிலே நம் நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. குற்றம் பெரும்பாலும் பிறருடையது. தண்டனையிலோ நமக்கும் பங்குண்டு. இதனை உலக மன்றத்திலே எடுத்துரைக்கும் உரிமை நமக்குண்டு. ஆனால் அவ்வாறு எடுத்துரைப்போரின் கையிலே கதைகள் இருந்தாற் போதாது. கணக்குகள் இருத்தல் வேண்டும்.

சுவர் வாசகம் என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். அம்மாணவியையே அழைத்து, இனி என்ன எழுதலாம் என்று கேட்டேன். அவள் சற்று யோசித்து, மழையை விட்டுவிட்டு, மரம் மண்ணையும் நீரையும் காக்கும் என்று எழுதலாம் என்றாள். அப்படியே எழுதுவித்தோம். பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானியும் நாட்டினோம். காலை எட்டரை மணிக்கு மாணவர் முறைவைத்து அளந்து ஓர் ஏட்டில் எழுதுகின்றனர். முதலாண்டில் விடுமுறை நாட்களிற் பல இடைவெளிகள் விழுந்தன. இப்பொழுது அவை குறைந்துள்ளன. அவ்வேட்டிலிருந்து காலநிலை பற்றி எதையேனும் சொல்ல இன்னும் முப்பது ஆண்டுகள் செல்லும். அப்பொழுது நான் இருக்கமாட்டேன். ஏடு இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.